பட்டா இல்லாத ஊரின் கோயில்கள்

மும்பைத் தமிழரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால் திருநெல்வேலி என்பார், தூத்துக்குடி என்பார், விழுப்புரம் என்பார். மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருக்கிறவர்கூடத் தாராவியை ஊர் என்று சொல்லத் தயங்குவார். பத்திரிகைகளும் அதற்கு ஊர் என்ற மரியாதையைக் கொடுத்ததில்லை. "ஆசியாவின் மிகப்பெரிய சேரி" என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றன. அந்த வரியைப் படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? யாரோ ஒரு ராத்திரியில் தகரத்தையும் தார்ப்பாயையும் கொண்டுவந்து போட்டார்கள், அது அப்படியே பெருகிவிட்டது என்று தோன்றும். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. தாராவி ஒரு ஊர். அதற்கு வயதும் உண்டு, வரிசையான வரலாறும் உண்டு. அந்த வரலாறு பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் இருக்கிறது. இப்போது தாராவி முழுவதையும் இடித்துக் கட்டப்போகிற நேரத்தில், அந்தக் கட்டடங்களை வழிபாட்டு இடங்களாக மட்டும் எண்ணாமல், ஊரின் ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

பிரான்சில் இருநூறு முந்நூறு பேர் வாழும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அந்த ஊருக்கும் எழுதப்பட்ட வரலாறு இருக்கும். காரணம், 1539-லேயே அரசன் ஒரு கட்டளை போட்டான்: பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஊர்ச் சாமியார் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று. பிறகு திருமணமும் சாவும் அதே பதிவேடுகளில் சேர்ந்தன. 1905-ல் அரசையும் மதத்தையும் பிரித்துச் சட்டம் செய்தபோதுகூட அந்தச் சர்ச்சுகளை அவர்கள் கைவிடவில்லை. ஊர்க்கோயில்கள் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சியின் சொத்தாயின. பூசைக்குப் போகாதவரின் வரிப்பணத்திலும் அந்தக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. மதச்சார்பின்மையை அவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற நாடு, பழைய சர்ச்சை ஊரின் நினைவாகவும் பார்த்தது. தாராவிக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, தலைக்கட்டுக்குப் போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டை கொடுத்ததே 1976-ல்தான். அதற்கு முன்னால் இங்கே வாழ்ந்து செத்தவர்கள் அரசின் காகிதத்தில் ஏறக்குறைய இல்லை. அவர்கள் எழுதிவைத்தது வேறு இடத்தில்.

முதல் அடுக்கிலிருந்து தொடங்கலாம். 1909-ல் வந்த பம்பாய் கெசட்டியர், தாராவியைத் தீவின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகச் சொல்கிறது. கோலிகள் என்றால் மீனவர்கள், இந்தத் தீவின் பூர்வீகக் குடிகள். மிதி ஆறு மாகிம் கழிமுகத்தில் கலக்கிற சேற்றுக் கரையில் அவர்கள் ஊர் இருந்தது. இன்றும் தாராவி கோலிவாடா இருக்கிறது, ஹோலிக்கு நெருப்பு மூட்டுகிறார்கள். கம்பதேவ் நகர் என்று ஒரு பகுதியின் பெயர். மராத்தியில் கம்பா என்றால் தூண், தேவ் என்றால் சாமி. ஒரு தெய்வத்தின் பெயர் முகவரியாக மாறி நிற்கிறது. கோலிவாடாவுக்குச் சற்றுத் தள்ளி, பஸ் டிப்போவை ஒட்டி, காலா கில்லா என்று எல்லோரும் சொல்லும் சின்னக் கறுப்புக் கோட்டை. பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737-ல் கட்டியதாக அதன் கல் சொல்கிறது. அதே ஆண்டில்தான் மராத்தியர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து தாணேயைப் பிடித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மராத்தியர், இந்தப் பக்கம் ஆங்கிலேயர், நடுவில் தாராவிக் கரை. அதாவது அன்று இது ஒரு எல்லை ஊர். பிறகு சயானிலும் மாகிமிலும் கடலுக்குக் குறுக்கே பாலப்பாதைகள் போட்டார்கள். தீவுகள் இணைந்தன, வண்டிகள் ஓடின. கழிமுகம் தூர்ந்தது, மீன் போனது. மேடான அந்தச் சேற்று நிலம்தான் அடுத்து வந்தவர்களுக்கு மிச்சமாகக் கிடைத்தது.

அடுத்த அடுக்குக்கு ஒரே ஆண்டுதான் சாட்சி: 1887. தாராவியின் முதல் தோல் பதனிடும் கூடம் அந்த ஆண்டில் வந்தது. தாராவியின் மிகப் பழைய பள்ளிவாசலான படீ மஸ்ஜிதின் தொடக்கமும் அதே ஆண்டு. இந்த இரண்டு தேதிகளும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நாற்றமடிக்கும் தொழில்களை நகரத்துக்கு வெளியே தள்ளுவது அன்றைய ஆட்சியின் கொள்கை. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் கூடம் இருந்தது. தோல் அங்கிருந்து வரும், கழுவ இங்கே தண்ணீர் இருக்கிறது, கேட்க ஆளில்லாத நிலமும் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தொழிலோடு வந்தார்கள். தொழில் வந்த வருஷமே தொழ இடம் வேண்டியிருந்தது என்றால் என்ன பொருள்? பிழைத்துவிட்டு ஓடிப்போகிறவன் பள்ளிவாசலுக்கு அஸ்திவாரம் போடமாட்டான். 1971-ல் அறுப்புக்கூடம் தேவனாருக்குப் போனது, பதனிடும் கூடங்கள் படிப்படியாக மூடின. இன்று தாராவியில் தோல் பைகள் தைக்கிறார்கள், பழைய தொட்டிகளைக் காண்பது அரிது. அந்தத் தொழிலின் தொடக்க ஆண்டைச் சொல்ல நிலைத்து நிற்கும் சாட்சி, அதோடு பிறந்த அந்தப் பள்ளிவாசல்தான்.

இனி 1913. தாராவியில் பழமையானது என்று சொல்லப்படும் கணேசர் கோயில் அந்த ஆண்டு கட்டப்பட்டது. ஆதிதிராவிட மகாஜன சங்கத்தின் பெயரோடு சேர்த்துத்தான் தாராவித் தமிழர்கள் அதைச் சொல்வார்கள். வெறும் தேதியாகப் பார்த்தால் இது ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ஆனால் அந்தத் தேதியைத் தென்தமிழ்நாட்டு வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள், வழக்கானது. 1899-ல் சிவகாசிக் கலவரம், அதற்கும் பின்னணியில் கோயில் நுழைவு. கமுதி வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு உரிமை இல்லை என்று முடிந்தது. வழக்கு நடத்த வசதி இருந்த ஒரு சாதிக்கே இந்த நிலை என்றால், வழக்கு என்ற வழியே கிடையாத ஆதிதிராவிடர்கள் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக் கும்பிட்டவர்கள். அவர்கள் ரயிலேறி வந்து, தோல் கழுவுகிற சேற்று நிலத்தில், அந்தத் தீர்ப்பு வந்த ஐந்தாவது ஆண்டில் தங்களுக்கென்று கோயில் கட்டிக்கொண்டார்கள். மதுரை மீனாட்சி கோயில் கதவு அவர்களுக்குத் திறக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாசிக்கில் அம்பேத்கரின் காலாராம் கோயில் போராட்டம் 1930-ல்தான் தொடங்கியது. வைக்கம் 1924. இத்தனைக்கும் முந்தியது தாராவிப் பிள்ளையார். கோயில் நுழைவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் திறந்த கதவுகளின் பட்டியலைத்தான் தருகிறார்கள். கதவே வேண்டாம் என்று தனியே கட்டிக்கொண்டவர்களின் பட்டியல் எழுதப்படவில்லை. எழுதினால் அதில் தாராவி முன்வரிசையில் வரும்.

பக்கத்து மாட்டுங்காவோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1896-ல் பிளேக் வந்த பிறகு, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டை அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா பக்கமெல்லாம் அளந்து, மனை பிரித்து, மரம் நட்டு உருவாக்கிய பகுதிகள். தமிழ் பிராமணக் குடும்பங்கள் பெருமளவில் அங்கே குடியேறின. 1923-ல் ஆஸ்திக சமாஜம் வந்தது. கொச்சு குருவாயூர் என்று மும்பை முழுவதும் பெயர் பெற்ற கோயில். 1939-ல் சங்கர மடம். இவற்றின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊர்விட்டு வந்த ஒரு சமூகம் தன் மொழியையும் பாட்டையும் காப்பாற்றிய இடங்கள் அவை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: தாராவிப் பிள்ளையார் ஆஸ்திக சமாஜத்துக்குப் பத்து வயது மூத்தவர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சென்ட்ரல் ரயில்வே தண்டவாளம். தண்டவாளத்துக்குக் கிழக்கே இருப்பதை மும்பையின் பாரம்பரியம் என்று நடைச்சுற்றுலா வைத்துக் காட்டுகிறார்கள். மேற்கே இருப்பதைப் பற்றிப் பேசும்போது ஆக்கிரமிப்பு, கட்-ஆஃப் தேதி என்ற சொற்கள் வருகின்றன. வயது வித்தியாசத்தால் வந்த வேறுபாடு இல்லை இது. ஒருவருக்கு டிரஸ்ட் மனை அளந்து கொடுத்தது, மற்றவர் சேற்றைத் தானே மேடாக்கிக்கொண்டார். மாட்டுங்காவிலும் அந்தத் திட்டத்துக்கு முன் ஊர் இருந்தது; மருபாய் காவ்தேவி கோயில் அதற்குச் சாட்சி. செம்பூர் கதை இன்னும் பிற்காலத்தது. சேடா நகரில் 108 படிகளோடு திருச்செம்பூர் முருகனைக் கட்டியவர்கள், மாட்டுங்காவில் இடம் போதாமல் கிழக்கே நகர்ந்த தலைமுறையும் அதற்குப் பின் வந்தவர்களும்.

தாராவிக் கோயிலின் ஆவணத்தன்மை எதில் இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு இடங்களைக் காட்டலாம். ஒன்று, உபயம். தமிழன் எங்கே கோயில் கட்டினாலும் மணி, விளக்கு, உண்டியல், டியூப்லைட், மின்விசிறி எதுவானாலும் கொடுத்தவர் பெயரை எழுதாமல் விடுவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர், அதற்குப் பக்கத்தில் சொந்த ஊர், சில சமயம் செய்த வேலை. ஒரு சுவரை நிதானமாகப் படித்தால் எந்தத் தாலுகாவிலிருந்து எந்தக் காலத்தில் எத்தனை குடும்பம் வந்தது என்று சொல்லிவிடலாம். பிரெஞ்சுச் சாமியார் பதிவேட்டில் எழுதியதை இங்கே பெயிண்டர் டியூப்லைட் பட்டையில் எழுதியிருக்கிறார். கொடை நோட்டீஸ்களும் வரவு செலவு நோட்டுகளும் இதே வகைதான். வரி கொடுத்தோர் பட்டியல் என்பது ஒரு குடிமதிப்பு. இரண்டாவது, தைப்பொங்கல். அன்று காலையில் கணேசர் கோயிலை ஒட்டி 90 அடி ரோட்டில் பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். மூன்று செங்கல், ஒரு பானை, கழுத்தில் மஞ்சள் கொத்து. பக்கத்து அடுப்புக்காரியின் முந்தானையில் தீப்பொறி படாமல் ஒருத்தி விறகை உள்ளே தள்ளுவாள். ஒரு பானை பொங்கி வழியும்போது எழும் குலவை வரிசை நெடுகப் போகும். போக்குவரத்து நிரம்பிய ஒரு ரோடு சில மணி நேரம் ஊர்த்தெருவாகிவிடும். இந்த வரிசையில் நிற்பவர்கள் தனித்தனி வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை, ஒரு ஊரார் என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுப்புகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. முதல் மறுப்பு: இடம் பிடிக்கத்தான் பாதிக் கோயில்கள் கட்டப்படுகின்றன, ஒரு சூலத்தை நட்டோ ஒரு பச்சைத் துணியைப் போர்த்தியோ நிலத்தை மடக்கிவிடுகிறார்கள் என்பது. உண்மைதான். பொது இடங்களில் அனுமதியில்லாமல் புதிதாக வழிபாட்டுக் கட்டடங்கள் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் உத்தரவிட்டதற்கு நாடு முழுவதும் காரணம் இருந்தது. ஆனால் இதே மறுப்பு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் போட்டால், 1887-ம் 1913-ம் போன மாதம் முளைத்த திண்ணையும் ஒன்றாகிவிடும். பக்தியை அளவுகோலாக வைத்தால் எதையும் தொட முடியாது, சட்டத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் எதுவும் மிஞ்சாது. வரலாற்றை அளவுகோலாக வைத்தால்தான் எதைக் காக்கலாம், எதை நகர்த்தலாம், எதை எடுக்கலாம் என்று பேசவே முடியும். பழைய ரசீது, சங்கப் பதிவு, மின்கட்டணம், நோட்டீஸ், மூத்தவர் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்துத் தேதியை நிறுவுவது முடியாத காரியம் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. மதத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் வரலாறு பேசுகிறாயே, 1992-ல் நடந்தது மறந்துவிட்டதா? மறக்கவில்லை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட அந்த டிசம்பர் 6 அன்றே தாராவியில் சைக்கிள் ஊர்வலம் போனதை ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த இரண்டு மாதங்களில் மும்பை முழுவதும் 900 பேர் செத்தார்கள். தாராவியின் சந்துகளிலும் ரத்தம் ஓடியது. இதை மழுப்பினால் நான் எழுதுவது வரலாறாக இருக்காது. ஆனால் அந்தக் கலவரத்துக்கு முன் படீ மஸ்ஜிதும் கணேசர் கோயிலும் ஒரே ஊரில் 79 ஆண்டுகள் இருந்திருக்கின்றன. கலவரத்துக்குப் பின் ஊர்க்காரர்களான வகார் கானும் பாவ் கோர்டேயும் நான்கு மதத்து உடையில் சிறுவர்களை நிறுத்தி "நாம் எல்லோரும் ஒன்று" என்று சுவரொட்டி போட்டதும் இதே ஊரில். சந்துக்குச் சந்து மொஹல்லா கமிட்டிகள் கூடியதும் இங்கேதான். வெளியிலிருந்து வந்த வெறுப்புக்கு ஊரின் பழைய அடையாளங்களைப் பொறுப்பாக்கி அவற்றை அழித்தால், சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளின் சான்றும் கூடவே போய்விடும். கலவரத்தின் சான்று மட்டும் கமிஷன் அறிக்கையில் பத்திரமாக இருக்கும்.

சாதி பற்றிய மறுப்பை நம்மவர்களே எழுப்புகிறார்கள். ஆதிதிராவிடருக்கு ஒரு கோயில், நாடாருக்கு ஒரு கோயில் என்று பிரிந்து கிடப்பதைப் பாரம்பரியம் என்று பாதுகாக்க வேண்டுமா? பிரிவைப் பாதுகாக்க வேண்டாம். இன்று எந்த வாசலிலும் யாரையும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அது குற்றம். ஆனால் பிரிவு இருந்தது என்ற உண்மையையும், அதை மீறி ஒரு மக்கள் கூட்டம் தலைநிமிர்ந்து என்ன செய்தது என்ற உண்மையையும் அழிக்கக் கூடாது. அந்தக் கோயில் இல்லாமல்போனால் 1913 என்ற ஆண்டுக்குத் தாராவித் தமிழர் வரலாற்றில் ஒரு பொருளும் இருக்காது. விரட்டியவர்களின் கோபுரங்கள் நின்றுகொண்டிருக்க, விரட்டப்பட்டவர்கள் கட்டியது மட்டும் தரைமட்டமாவதைச் சமத்துவம் என்று என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்றும் சொல்வார்கள்: இவற்றில் கலைநயம் ஏது, கல்வெட்டு ஏது, பளிங்கு ஒட்டிய சிமெண்ட் கட்டடம்தானே என்று. நம் மரபில் கோயிலின் வயது கல்லில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்கிறோம், மண்டபத்தை மாற்றுகிறோம், சுதையைப் புதுப்பிக்கிறோம், தலம் மாறுவதில்லை. தாராவியில் பழையது கட்டடமாக இல்லாமல் இருக்கலாம். இடம் பழையது, அந்த இடத்தைச் சுற்றிய புழக்கம் பழையது. அதனால்தான் "வேறு பக்கம் இதைவிடப் பெரிதாகக் கட்டித் தருகிறோம்" என்ற பதில் எனக்குப் போதவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான மறுப்பு வீடு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து, பொதுக் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் போய் 1913 என்று பேச எவருக்கும் உரிமை கிடையாது. வீடுதான் முதலில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீடா கோயிலா என்று கேள்வியை வைக்கிறவர்கள், அது ஒன்றை விட்டால்தான் ஒன்று என்பதை நிரூபிக்க வேண்டும். தாராவியின் பரப்பு ஏறத்தாழ 239 ஹெக்டேர். அதில் காலத்தால் நிறுவக்கூடிய பழைய வழிபாட்டு இடங்கள் எடுத்துக்கொள்ளும் நிலம் மிகச் சொற்பம். அவற்றை அசையாத புள்ளிகளாக முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, அவற்றைச் சுற்றித் தெருவையும் மாடிக்கட்டடத்தையும் வரைவது பொறியியலுக்குப் பெரிய சவால் இல்லை. பிறகு நினைவு வந்து ஒரு மூலையில் இடம் தேடுவதுதான் சிக்கல்.

2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தின் ஏலத்தை வென்றது. மாநில அரசுக்கு 20 சதவீதப் பங்கு. 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்ததாக நிரூபிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே. ஊரார் இரண்டாகப் பிரியப்போகிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. வெளியே போகிறவருக்குத் தை முதல் நாள் திரும்பி வர ஒரு இடம் வேண்டும் என்பதும் தெரிகிறது. வழிபாட்டுக் கட்டடங்களை ஆராய அரசு 2025-ல் தனியே ஒரு குழுவும் அமைத்தது. அந்தக் குழு, கட்டடம் சட்டப்படி உள்ளதா, சாலையை மறிக்கிறதா என்று பார்க்கும், பார்க்கட்டும். கணக்கெடுப்பில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் சேர்க்கச் சொல்கிறேன்: எந்த ஆண்டு, யார் கட்டியது, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள். நிரப்புவதற்குத் தமிழும் மராத்தியும் உருதுவும் படிக்கத் தெரிந்த நான்கு பேரை அனுப்பட்டும். உபயப் பலகைகளையும் சங்க நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கட்டும். இடிக்கும் வண்டி சந்துக்குள் வருவதற்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும்.